உலர்த்தி எண் ஐந்து

பிஸ்கட்டக்கா உலர்பண்ட ஆணையத்துக்குப் போனது தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதற்காக அல்ல, லைசென்ஸ் வாங்குவதற்காகத்தான். இரண்டும் ஒரே ஜன்னலில் கிடைக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அவளும் அவள் வீட்டுக்காரரும் குடியிருந்தது ஒரு துணிக் கிடங்கின் மாடியில். ஒற்றை அறை, தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல், வாடகை குறைவு. கிடங்குக்காரர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். "மேல தீக்குச்சி கிழிக்கிற சத்தம் கேட்டாலும் மறுநாள் உங்க சாமான் தெருவுல கிடக்கும்." அதனால் அடுப்பு கிடையாது. சாப்பாடு எதிர்ச் சாரி மெஸ்ஸிலிருந்து கேரியரில் வந்தது. அடுப்பில்லாத வீட்டில் என்ன தொழில் செய்து பிழைக்க முடியும் என்று நாலு நாள் மண்டையைக் குடைந்துகொண்டு, ஐந்தாம் நாள் அவள் சுடாத பிஸ்கட் செய்யத் தொடங்கினாள்.

பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தோடு அரைப்பாள். ஆளிவிதைப் பொடியும் எள்ளும் சேர்த்துப் பிசைந்து, இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் வைத்துக் கால் அங்குலத்துக்குத் தேய்ப்பாள். டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டிக் கம்பிவலைத் தட்டில் பரப்பி, மெல்லிய துணி போர்த்தி ஜன்னலோரம் வைத்தால் இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிடும். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. இதற்கென்றே வசதியானவர்கள் வீட்டில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள், அதற்கு டீஹைட்ரேட்டர் என்று பெயர் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. தெரியாமலே நாலு வருடம் நிம்மதியாக இருந்தாள்.

வெயில் மந்தமான நாட்களில் வீட்டுக்காரர் கை கொடுப்பார். அவர் ஒரு காலத்தில் லாரி எடைமேடையில் எடை எழுதியவர். எடையைத் தானே எழுதிக்கொள்ளும் எடைமேடை வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு வருடமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கையில் ஓர் அட்டையைக் கொடுத்தால் விசிறுவார். அவசரமும் இல்லை, அசமந்தமும் இல்லை, ஒரே சீர். வேறு எதற்கும் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள்கூட, "நல்லா இருக்கீங்களா?" என்று அவர் பக்கம் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பிஸ்கட்டக்காவிடம் பேசப் போய்விடுவார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்த அறிவிப்பு வந்து விழுந்தது. உரிமம் இல்லாமல் உலர்பண்டம் விற்பவர்களின் தட்டுகள் மூன்று மாதத்துக்குப் பிறகு பறிமுதல் செய்யப்படும். தட்டு போனால் பிஸ்கட் போகும், பிஸ்கட் போனால் கேரியர் போகும், அதற்கப்புறம் அறையும் போகும். பிஸ்கட்டக்கா இருப்பதில் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

விண்ணப்பத்தில் முப்பத்தொரு கேள்விகள். பதின்மூன்று வரைக்கும் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி இறங்கிவிட்டாள். பதினான்காம் கேள்வி: "உலர்த்தி இயந்திரத்தின் எண்." அவள் யோக்கியமாக "இல்லை" என்று எழுதி நீட்டினாள்.

ஜன்னலுக்குப் பின்னால் முத்திரை குத்துகிறவர் உட்கார்ந்திருந்தார். ஓங்கிய முத்திரையை அந்தரத்திலேயே நிறுத்தினார்.

"என்னம்மா இது, இல்லைன்னு போட்டிருக்கீங்க?"

"இல்லைங்களே."

"இல்லைங்கிறது நம்பர் இல்லம்மா. எண்ணுன்னு கேட்டிருக்கு. எண்ணுதான் வரணும்."

"பூஜ்யம்னு போடட்டுங்களா?"

"பூஜ்யம் போட்டா பூஜ்யமாவது மெஷின் எங்கன்னு கேப்பாங்க. அதுக்கு நீங்க ஒண்ணுமில்லைன்னு காட்டணும். ஒண்ணுமில்லைன்னு காட்ட எங்கிட்ட தனி படிவம் இருக்கு, ஆனா அதுலயும் பதினாலாவது கேள்வி இதேதான்." அவர் பெருமூச்சு விட்டு முத்திரையை மைப்பெட்டியில் படுக்க வைத்தார். "ஆறாம் நம்பர் ரூமுக்குப் போங்க."

ஆறாம் நம்பர் அறையில் பெரிய ஆய்வாளர் இருந்தார். சுவரில் "உலர்ந்தால் உயர்வு" என்று எழுதிய பலகை. அதன் கீழே மழைநீர் இறங்கிப் பச்சையாகப் பாசி படர்ந்திருந்தது. பெரிய ஆய்வாளர் அவளை உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லை. அவர் சொன்னதும் உண்மை, நாற்காலி இல்லாததும் உண்மை. எனவே அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"இங்க பாருங்கம்மா," என்றார் அவர். "நாங்க இருக்கிறதே மக்களுக்காகத்தான். மக்கள் இல்லைன்னா எங்களுக்கு யாரு விண்ணப்பம் போடுவா, சொல்லுங்க? இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் எனக்கு. எங்க உரிமம் வாங்கின பண்டத்தைத் தின்னு இதுவரைக்கும் ஒரு உயிர் போனதில்லை. நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன்."

"எத்தனை பேருக்குங்க குடுத்திருக்கீங்க?"

"நாலு பேருக்கு. அதுல மூணு பேரு உத்தரவு வர்றதுக்குள்ள காலமாயிட்டாங்க. நாலாவது ஆளு தொழிலை விட்டுட்டாரு. ஆனா பாருங்க, பொதுமக்களுக்கு ஒரு கீறல் விழலை."

இந்தச் சாதனையை ரசிக்க அவர் அவளுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார். பிறகு சட்டத்தை விளக்கினார். பண்டம் என்றால் மூன்று வகை: சுட்டது, பொரித்தது, உலர்த்தியது. அவளுடையது சுட்டதில்லை. பொரித்ததில்லை. உலர்த்தியது என்றால் மெஷினில் உலர்த்தியிருக்க வேண்டும். மெஷின் இல்லாமல் உலர்ந்தது என்றால் அது உலர்த்தப்படவில்லை, தானாக உலர்ந்திருக்கிறது. தானாக உலர்ந்த ஒன்றுக்கு அவள் எப்படி உரிமம் கேட்கலாம்?

"நான்தாங்க பிசைஞ்சு, தேச்சு, காய வெச்சேன்."

"பாத்தது யாரு?"

"யாரு பாக்கணும்?"

"நாங்க பாக்கணும்," என்றார் பெரிய ஆய்வாளர். பாசியைத் தாண்டி ஒரு ஒளி அவர் முகத்தில் வந்தது. "நேரடிக் கண்காணிப்புக்கு எழுதறேன்."

ஐந்து வாரம் கழித்து ஒருநாள் பத்து மணிக்குக் குட்டி ஆய்வாளர் மாடியேறி வந்தார். ஆள்தான் குட்டை, வயிறு பெரிய ஆய்வாளருக்குச் சமானம். ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தட்டுக்கு எதிரே உட்கார்ந்தார். உலர்தல் தொடக்கம் முதல் முடிவு வரை ஆணையத்தின் கண்ணெதிரே நடக்க வேண்டும் என்பது விதி. ஆணையத்தின் கண் பத்திலிருந்து ஐந்து வரைதான் திறந்திருக்கும் என்பது இன்னொரு விதி.

சரியாக ஐந்து மணிக்கு அவர் எழுந்தார். "ஒரு ஈரச் சாக்கு கொண்டாங்க."

"எதுக்குங்க?"

"மூடத்தான். நான் போனப்புறம் இது பாட்டுக்கு உலர்ந்துட்டா? அது கள்ள உலர்தல். உங்க மேலதான் வழக்கு வரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பகல் முழுக்கக் காய்ந்த பிஸ்கட்டுகள் ஈரச் சாக்கின் கீழே மறுபடி மாவாயின. காலையில் பத்து மணிக்குச் சாக்கை எடுத்தார்கள். ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. மறுபடி ஈரச் சாக்கு. இரண்டு மணிக்கு எடுத்து ஐந்துக்குப் போட்டார்கள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கு விடுமுறை என்பதால் முழு நாளும் சாக்கு. மணிக்கொரு பிஸ்கட்டைக் குட்டி ஆய்வாளர் எடுத்துக் கடித்து, கண்ணை மூடி மென்று, "ஈரம்" என்று குறித்துக்கொண்டார். இது பல் சோதனை என்றார். ஆணையத்தில் ஈரமானி என்றொரு கருவி உண்டாம். அதை யார் எடுத்துப்போனார்கள் என்று ஒரு விசாரணை ஒன்பது வருடமாக நடக்கிறதாம்.

ஒன்பதாம் நாள் காலையில் சாக்கைத் தூக்கியபோது பிஸ்கட்டுகள் மேல் வெள்ளைப் பூஞ்சை அழகாக மயிர் வளர்த்திருந்தது. அன்றைக்கு மட்டும் பல் சோதனை நடக்கவில்லை. குட்டி ஆய்வாளர் அறிக்கை எழுதினார். "ஒன்பது நாட்கள் நேரில் கண்காணிக்கப்பட்டது. பண்டம் உலரவில்லை. உலரும் உத்தேசமும் தென்படவில்லை."

பிஸ்கட்டக்கா தட்டை அப்படியே குப்பையில் கவிழ்த்தாள். மூன்று மாதத்தில் பாதி ஏற்கெனவே போயிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடவில்லை.

"என்னங்க அநியாயமா இருக்கு! இந்தப் பாழாப்போன சாக்கைப் போடாம இருந்திருந்தா ரெண்டே நாள்ல காஞ்சிருக்கும். எங்களுக்கு எதுக்குங்க மெஷின்? ஒரு மெஷின் செய்ற வேலையை எங்க வீட்டுக்காரரு ஒத்தக் கையால செய்வாரு. ஏங்க, அந்த அட்டையை எடுத்துக் கொஞ்சம் விசிறிக் காட்டுங்க!"

வீட்டுக்காரர் எடுத்து விசிறினார். குட்டி ஆய்வாளர் பார்த்தார். அவருக்கும் இந்த மாடிப்படி அலுத்துவிட்டது. கோப்பை மூடினால் போதும் என்றிருந்தது. பேனாவைத் திறந்தார்.

"இது எத்தனை மணி நேரம் ஓடும்?"

"எதுங்க?"

"இதுதான்," என்று பேனாவால் வீட்டுக்காரரைக் காட்டினார்.

"அவரா? நாள் முழுக்க விசிறுவாருங்க."

"அப்ப இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? பதினாலாவது கேள்விக்கு ஒரு எண்ணு வேணும், அவ்வளவுதானே. அது இரும்புலதான் இருக்கணும்னு சட்டத்துல எங்கயும் எழுதலை." அவர் வீட்டுக்காரர் பக்கம் குனிந்து உரக்கக் கேட்டார். "வேலை செய்யுதா?"

ஆறு வருடத்தில் முதல் முறையாக ஒருவர் அவரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செய்யுதுங்க," என்றார்.

சோதனை ஆறாம் நம்பர் அறையில் நடந்தது. வீட்டுக்காரரை மேஜை மேல் ஏற்றி நிறுத்தி, பெரிய ஆய்வாளரே முன்னின்று கேட்டார்.

"சத்தம் எப்படி?"

"தூங்கும்போது மட்டும் கொஞ்சம் குறட்டைங்க," என்றாள் பிஸ்கட்டக்கா.

"ஓட்டத்துக்கு?"

"ரெண்டு வேளை டீ, மதியம் ஒரு சாப்பாடு."

"கசிவு ஏதாவது?"

இதற்கு வீட்டுக்காரரே பதில் சொன்னார். "வயசாச்சுங்களே. ராத்திரி ரெண்டு தடவை எந்திரிக்க வேண்டியிருக்கு."

"லேசான கசிவு, இரவில் மட்டும்," என்று எழுதிக்கொண்டார்கள். வாயில் வெப்பமானியை வைத்தார்கள். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. சுடாத பச்சைப் பண்டத்துக்குக் கையால் தொடும் சூட்டுக்கு மேல் ஆகாது என்பதால், இவ்வளவு கச்சிதமான உலர்த்தியைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று பெரிய ஆய்வாளர் பாராட்டினார். வீட்டுக்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பித்தளைத் தகடு ஒன்றில் "உலர்த்தி எண் 5" என்று வெட்டி, சங்கிலியில் கோத்து அவர் கழுத்தில் மாட்டினார்கள். விண்ணப்பத்தின் பதினான்காம் கேள்விக்கு எதிரே பிஸ்கட்டக்கா ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முத்திரை விழுந்தது. ஒரு வருடத்துக்குத் தற்காலிக உரிமம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வருடம் அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். வீட்டுக்காரர் காலையில் குளித்ததும் தகட்டைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பார். பத்து மணிக்கு விசிறத் தொடங்கினால் ஐந்துக்குத்தான் நிறுத்துவார். தெருவில் நடக்கும்போது சட்டைக்கு வெளியே தகடு தெரிகிற மாதிரி எடுத்து விட்டுக்கொள்வார். கிடங்குக்காரர்கூட ஒருநாள், "என்ன, கவர்மெண்ட்டு உத்தியோகமா?" என்று விசாரித்தார். ராத்திரியில் தகட்டைக் கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டார். படுக்கையில் அது பிஸ்கட்டக்காவின் முதுகில் சில்லென்று படும். நாலு நாள் திட்டினாள். அப்புறம் அதுவும் பழகிவிட்டது.

வருடம் முடிந்து உரிமத்தைப் புதுப்பிக்கப் போனாள். முத்திரை குத்துகிறவர் ஒரு படிவத்தைத் தள்ளினார். இயந்திரம் தயாரிக்கப்பட்ட ஆண்டு.

அவள் அவர் பிறந்த வருடத்தை எழுதினாள். வேறு எதை எழுதுவாள்? முத்திரை குத்துகிறவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "ஆறாம் நம்பர் ரூம்."

"ஐம்பத்தோரு வருஷத்து மெஷினா!" என்று பெரிய ஆய்வாளர் பதறினார். "பதினஞ்சு வருஷத்துக்கு மேல எந்த மெஷினையும் ஓட விடக்கூடாதும்மா. பொதுமக்கள் உயிர் சம்பந்தப்பட்டது. சரி, உங்களுக்காக ஒரு வழி பாக்கறேன். தயாரிப்பாளர்கிட்ட இருந்து ஒரு தகுதிச் சான்று வாங்கிட்டு வாங்க."

"அவங்க அப்பா அம்மா ரெண்டு பேருமே போய்ச் சேர்ந்துட்டாங்களே."

"அடடா," என்று பெரிய ஆய்வாளர் மனமார வருத்தப்பட்டார். "அப்ப தயாரிப்பு நின்னு போச்சு. உதிரி பாகமும் கிடைக்காது. கழிவுப் பட்டியல்ல போடறதைத் தவிர வேற வழியில்லை. வியாழக்கிழமை வண்டி வரும். கழற்றி, துடைச்சு, தயாரா வையுங்க."

பிஸ்கட்டக்காவுக்கு அப்போதுதான் உச்சந்தலையில் உறைத்தது.

"என்னங்க சொல்றீங்க! அவரு மனுஷன்ங்க! என் புருஷன்!"

பெரிய ஆய்வாளர் எழுந்துபோய்க் கதவை மெல்லச் சாத்தினார். கோபப்படவில்லை. அக்காவிடம் பேசுகிற தம்பி மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மெதுவா. யார் காதுலயாவது விழுந்து வெக்கப்போவுது. மனுஷன்னா, போன வருஷம் நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தது பொய்த் தகவல். உங்களுக்கு ரெண்டு வருஷம் ஜெயில். மேஜை மேல ஏறி நின்னு 'வேலை செய்யுது'ன்னு காட்டினதுக்கு அவருக்கும் ரெண்டு வருஷம். தட்டு, உரிமம் எல்லாம் போச்சு. மெஷின்னா ஒரு தொல்லையும் இல்லை. பழசாச்சு, கழிச்சோம், முடிஞ்சுது. நான் எதையும் உங்க மேல திணிக்கலை. எங்க ஆணையத்துல கட்டாயங்கிற பேச்சே கிடையாது. நீங்களே உங்க வாயால சொல்லுங்க. அவரு என்ன?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிஸ்கட்டக்கா பாசி படர்ந்த சுவரைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், ஜெயிலில் அவருக்கு யார் டீ கொடுப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள்.

"மெஷின்ங்க," என்றாள்.

சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவளுக்கு. பெரிய ஆய்வாளர் தண்ணீர் கொடுத்தார்.

வியாழக்கிழமை வண்டியோடு மூன்று சுமை ஆட்கள் வந்தார்கள். வீட்டுக்காரர் குளித்து, தகட்டைத் தேய்த்து, துவைத்த சட்டை போட்டுத் தயாராக இருந்தார். அவளைத் தேற்றியவரும் அவர்தான். "பெரியவரு சொல்லிட்டாரு இல்ல? ஒரு காரணம் இருக்கும். பழுது பாத்துத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க." படியில் அவர் பாட்டுக்கு இறங்கத் தொடங்கியதும் சுமை ஆட்களில் மூத்தவர் அதட்டினார்.

"யோவ், தானா எறங்கக் கூடாது. தூக்கித்தான் எறக்கணும். ரூல் இருக்கு."

அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தூக்குவதற்கு வாகாகக் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார். முதுகில் "இந்தப் பக்கம் மேலே" என்று அம்புக்குறி போட்ட காகிதத்தை ஒட்டி, வண்டியில் நிறுத்தி, இரண்டு பக்கமும் கயிறு கட்டினார்கள். வண்டி கிளம்பும்போது அவர் கழுத்தை மட்டும் திருப்பி, "ரெண்டு மணிக்குத் தட்டைப் புரட்டிப் போட மறந்துடாதே!" என்று கத்தினார். அவள் மறக்கவில்லை. அழுதுகொண்டே புரட்டிப் போட்டாள்.

அடுத்த மாதம் ஆணையம் அவளுக்கு விழா எடுத்தது. இயந்திரம் கழிக்கப்பட்டவர்கள் மாற்று வழியில் தொழிலைத் தொடரலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்ததாம். அந்தப் பிரிவில் உரிமம் பெறும் முதல் ஆள் அவள்தானாம். ஒரு வருடத்துக்கு முன் அவள் கேட்டது இதைத்தான் என்று அந்த மண்டபத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பெரிய ஆய்வாளர் மைக்கைப் பிடித்தார். "டீஹைட்ரேட்டர் இல்லாமல் பச்சை பிஸ்கட் செய்ய முடியுமா? முடியாது என்றார்கள். யார் சொன்னது? நாங்கள்தான் சொன்னோம்! இன்றைக்கு முடியும் என்கிறோம். அதையும் நாங்கள்தான் சொல்கிறோம். வேறு யாருக்கு இந்தத் துணிச்சல் வரும்? இந்த அம்மா முதல் நாள் வந்தபோது இவரிடம் என்ன இருந்தது? ஒரு தட்டு, ஒரு கணவர். இன்றைக்கு? உரிமம்! இதுதான் வளர்ச்சி!"

கைதட்டல் அடங்கியதும் கண்ணாடிச் சட்டம் போட்ட உரிமத்தையும் பரிசாக ஒரு மேஜை மின்விசிறியையும் கொடுத்தார்கள். "இது மெஷின் இல்லீங்களா?" என்று அவள் குழம்பிப்போய்க் கேட்டாள். "பரிசுப் பொருள் மெஷின்ல சேராது," என்று குட்டி ஆய்வாளர் அவள் காதில் சொல்லிவிட்டு, தாம்பாளத்திலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த மின்விசிறியை அவள் பத்து நாள் தொடவில்லை. பதினோராம் நாள் மழை பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் தட்டுக்கு எதிரே வைத்துத் தட்டிவிட்டாள். இரண்டு நாள் பிடிக்கிற பிஸ்கட் ஒரே நாளில் காய்ந்தது. பள்ளிக்கூட கேண்டீன் இரண்டும் ஆஸ்பத்திரி கேண்டீன் ஒன்றும் கேட்டு வந்தன. அவள் இன்னும் நாலு தட்டு வாங்கினாள். நடுநடுவே ஆணையத்துக்கு நடையாக நடந்து, கழித்த பொருளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நாலாவது மாதம்தான் முத்திரை குத்துகிறவர் மனமிரங்கி, ஊர்க்கோடிக் கழிவுக் கிடங்கின் விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஒரு டப்பா நிறைய பிஸ்கட்டோடு அவள் பஸ் ஏறினாள். என்ன ஆனாலும் சரி, இன்றைக்கு அவரைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவது. உரிமம் போனால் மயிரே போச்சு, இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போனாலும் போகட்டும் என்று தீர்மானமாக இருந்தாள்.

கிடங்கு வாசலில் ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார். அவள் கெஞ்சத் தொடங்குவதற்குள் கையைக் காட்டித் தடுத்தார்.

"உள்ள போங்கம்மா. பூட்டெல்லாம் கிடையாது. இருந்த பூட்டு துருப்பிடிச்சுக் கையோட வந்துடுச்சு. புதுசு கேட்டு எழுதிப் போட்டேன், இன்னும் வரலை. வேணும்னா கூட்டிட்டுப் போங்க. நான் தலையை இந்தப் பக்கம் திருப்பிக்கறேன். யாரு வந்தா, யாரு போனான்னு எழுதி வெக்க எங்கிட்ட நோட்டே கிடையாது."

அவளுக்குக் காவலாளியின் காலில் விழலாம் போலிருந்தது. உள்ளே ஓடினாள்.

தகர ஷெட்டின் கீழே உடைந்த தராசுகள், வாய் பிளந்த அடுப்புகள், துருவேறிய அரவை மெஷின்கள். அவற்றுக்கு நடுவில் துடைத்துச் சுத்தமாக்கிய ஓர் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். தகடு மட்டும் பளபளவென்றிருந்தது. பக்கத்தில் ஒரு கிழவர்.

"வந்துட்டியா!" என்று எழுந்தார். "இவருதான் மிக்ஸி. பதினோரு வருஷமா இங்கதான் இருக்காரு. தங்கமான மனுஷன்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மிக்ஸி கண்டுகொள்ளாமல் கும்பிட்டார்.

"பேச நேரமில்லீங்க. பூட்டு இல்லையாம். காவக்காரரு விட்டுட்டாரு. கெளம்புங்க, போவலாம்."

"நெஜமாவா? பூட்டே இல்லையா?" அவர் முகம் குழந்தை முகமாக மாறியது. "நாங்க இத்தனை நாளா தள்ளிப் பாக்கவே இல்லையே!" சட்டைப் பொத்தானைப் போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். செருப்பைத் தேடிக் காலை நுழைத்துக்கொண்டே கேட்டார். "நாலு மாசமா விசிற ஆளில்லாம என்ன பண்ணின? மழை வேற. தவிச்சுப் போயிருப்ப இல்ல?"

"தவிச்சுத்தாங்க போயிட்டேன்," என்றாள் அவள். நாக்குக் கூசாமல் வந்தது. அவர் மனசு குளிர வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. "நீங்க இல்லாம ஒண்ணும் ஒழுங்கா உலரலை. நடுவுல எல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. வாங்கறவங்க முகத்தைச் சுளிக்கறாங்க."

"அதானே பாத்தேன்," என்று அவர் சிரித்தார். "சீரா விசிறணும். கண்ட கை விசிறினா ஆகுமா?"

"இந்தாங்க, பசியா இருப்பீங்க, ஒண்ணு வாயில போட்டுக்கிட்டே நடங்க," என்று டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்தார். மிக்ஸிக்குப் பாதி கொடுப்பதற்காக அதை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தார். அவர் விசிறிய காலத்தில் பிஸ்கட்டின் ஓரம்தான் முறியும். நடுப்பகுதி தோல் மாதிரி வளைந்து கொடுக்கும், பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். இது வளையவில்லை. டக்கென்று நடுவில் இரண்டாக முறிந்தது.

மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். பிஸ்கட்டக்கா டப்பாவை மூடப் போனாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை.

அவர் ஒரு பாதியை மிக்ஸியிடம் கொடுத்தார். மறுபாதியை வாயில் போட்டு, அவசரமில்லாமல் மென்று விழுங்கினார்.

"நல்லா உலர்ந்திருக்கு," என்றார்.

பிறகு செருப்பைக் கழற்றி முன்னிருந்த இடத்திலேயே ஜோடியாக வைத்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துத் தகட்டை ஒருமுறை துடைத்தார். உட்கார்ந்தார்.

"ஏங்க," என்றாள் அவள்.

"அஞ்சு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் பஸ் கிடையாது. நீ கெளம்பு."

அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அழுது பார்த்தாள். அவர் தன்மையாகச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில் டப்பாவை மிக்ஸியிடம் கொடுத்துவிட்டு அவள் மட்டும் வெளியே வந்தபோது, வாசலில் காவலாளி சொன்ன சொல் தவறாமல் தலையை இன்னமும் அந்தப் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.